மருதாயி அக்காவிடம் கோடாலி இருந்ததில்லை

ஈரமான யூகலிப்டஸ் விறகு புகைகிற வாசனை. நம் பக்கத்து ஆட்களுக்கு அது பசியைக் கிளப்பும். தேத்தண்ணி கொதிக்கிறது, ரொட்டி வேகிறது என்று அர்த்தம். எனக்கு அது வந்தால் வலது கை விறைத்துப்போகும். பேனா பிடிக்கிற கை.

போன வருடம், பெருமழை விட்ட ஒரு காலையில், ஹட்டனில் நான் குடியிருக்கிற அறைக்குள் அந்தப் புகை வந்தது. கீழ்வீட்டில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். என் மேசையில் ஒரு சத்தியக்கடதாசி கிடந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

சபையாரே, என்னை உங்களுக்குத் தெரியும். ஸ்டெல்லா. நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடம் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் கிளார்க்காக இருந்துகொண்டே படித்து, கடைசியில் சட்டக் கல்லூரிப் பரீட்சையையும் பாஸ் பண்ணினவள். அதற்காக நீங்கள் கேக் வெட்டினீர்கள். ஆனால் பரீட்சையோடு முடிவதில்லை. உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிப்போடு, ஆள் எப்படிப்பட்டவர் என்றும் அங்கே பார்ப்பார்கள். நம் நடத்தைக்குச் சட்டத்தரணிகள் சான்று எழுத வேண்டும். விண்ணப்பித்தவர்களின் பெயர்களைப் பலகையில் ஒட்டுவார்கள்; ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம். நாமும் சத்தியம் செய்து எழுத வேண்டும்: நான் நற்பெயர் உடையவள், அந்தப் பெயருக்குக் கேடான எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

எனக்குத் தெரிந்து இருந்தது.

ஒன்பது நாள் அந்தக் கடதாசி அப்படியே கிடந்தது. சோறு இறங்கவில்லை. கண்ணாடி பார்த்துத் தலை சீவப் பிடிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தின கதை. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். எங்கள் டிவிஷனில் ஏ.எல். பாஸ் பண்ணிய முதல் பிள்ளை நான். பத்தொன்பது வயது. கடிதம் எழுத, படிவம் நிரப்ப, ஆஸ்பத்திரியில் பேச, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குச் சிங்களம் தெரியும் என்று எல்லாரும் நினைத்தார்கள். கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

எங்கள் லயத்து வரிசையில் நாலாவது வீடு மருதாயி அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கைக்குழந்தைக்காரி. காற்றில் முறிந்து விழுந்த யூகலிப்டஸ் கொப்புகளைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தபோது, மரத்தை வெட்டியதாக வாச்சர் பிடித்துக்கொண்டார். பொலிஸ் நிலையத்தில் அன்று தமிழ் தெரிந்த ஆள் இல்லை. என்னைக் கூட்டிப் போனார்கள். நான் இஸ்திரி போட்ட பாவாடை கட்டிக்கொண்டு போனேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

சார்ஜன் நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போட்டார். அக்கா நின்றுகொண்டு சொன்னார்: "காத்துல விழுந்ததத்தான் பொறக்குனேன் சாமி. கத்திகூட எடுத்துட்டுப் போகல."

பொறுக்கினேன். அதற்குச் சிங்களத்தில் என்ன? எனக்குத் தெரியவில்லை. சார்ஜன் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். காது சுட்டது. பிறகு அவரே எடுத்துக் கொடுத்தார்: "கெபுவாத?"

வெட்டினாரா என்று கேட்கிறார். அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான். பொறுக்கினால் என்ன, வெட்டினால் என்ன, விறகு விறகுதானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் எழுதினார். தமிழில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது என்று அடியில் ஒரு வரி போட்டு, என்னிடம் கையெழுத்துக் கேட்டார். நான் வாசித்துக் காட்டவில்லை. அரசாங்கக் கடதாசியில் என் முதல் கையெழுத்து அது. சுழித்து, கீழே கோடு இழுத்துப் போட்டேன். அக்கா கைநாட்டு வைத்தார். மையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நல்லா இரு புள்ள" என்றார்.

அந்த வாக்குமூலத்தை வைத்து அவரைப் பதினான்கு நாள் விளக்கமறியலில் போட்டார்கள். குழந்தை மாமியாரிடம் இருந்தது. அவர் திரும்பி வந்தபோது பால் வற்றியிருந்தது. வழக்கு நாளில் நீதவான் "கோடாலி எங்கே?" என்று கேட்கப்போக, பின்வரிசையில் இருந்த எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அன்றோடு அவர் பெயர் போனது. கோடாலி மருதாயி. வாழ்நாளில் கோடாலி பிடிக்காத பொம்பிளைக்கு அந்தப் பெயர். நானும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல.

அதற்குப் பிறகு நாங்கள் ஹட்டனுக்கு வந்துவிட்டோம்.

கந்தோரில் என் சீனியரிடம், நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம், யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லிப் பார்த்தேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "கோர்ட்ல குற்றவாளியாக் காணப்பட்டவரா? இல்லையே. அப்ப என்ன, சைன் பண்ணச் சொல்லுங்க." சட்டம் விட்டாலும் கை விடவில்லை.

இனிச் சொல்வதுதான் எனக்கு அதிக வெட்கம். நான் ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் தெரியுமா? ஆண்டவரே, பலகையில் என் பெயரை அவர் பார்க்காமல் இருக்கட்டும் என்று முதலில். அடுத்த நாள், அவருக்கு எல்லாம் மறந்துபோயிருக்கட்டும் என்று. ஏழாம் நாள், முழங்காலில் நின்றுகொண்டே, அவர் இப்போது உயிரோடு இல்லாமல் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று ஆண்டவரிடம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு ஆமென் வேறு போட்டேன்.

அந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எனக்கு என்ன தேவை என்று கேட்டீர்கள். "பேப்பர் வேலை ஒண்ணு, தடை இல்லாம முடியணும்" என்றேன். நீங்கள் எல்லாரும் என் தலைமேல் கை வைத்து அழுது ஜெபித்தீர்கள். உங்கள் கண்ணீரைப் பொய் சொல்லி வாங்கினேன். என்னை மன்னியுங்கள்.

ஜெபம் முடிந்ததும் ஒரு தங்கச்சி எழும்பி, தன் பிள்ளை சுகமானதைச் சாட்சி சொன்னது. சாட்சி. கோர்ட்டிலும் அதே சொல், இங்கேயும் அதே சொல். மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் இன்னொருத்தரின் வாயில் பொய்ச்சாட்சியை வைத்து, அதற்குக் கையெழுத்தும் போட்டவள். வீட்டுக்குப் போய் ஒரே வரி ஜெபித்தேன்: ஆண்டவரே, அந்த அக்காவிடம் என்னைக் கொண்டுபோய் விடுங்கள், எனக்குத் தானாகப் போகக் கால் வராது.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை. கந்தோருக்கு ஒரு இளம் பெண் வந்தது. பிறப்புப் பதிவில் தாயின் பெயர் பிழையாம், திருத்த வேண்டுமாம்.

"மாரியாயின்னு பதிஞ்சிருக்காங்க மிஸ். அம்மா பேரு மருதாயி."

பிறந்த வருடத்தைப் பார்த்தேன். பிறந்த தோட்டத்தைப் பார்த்தேன். அன்று தாய்ப்பால் இல்லாமல் போன குழந்தை என் எதிரில் வளையலைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அம்மா... இருக்காங்களா?" என்றேன்.

"இருக்காங்க மிஸ், நல்லா சத்தம் போட்டுக்கிட்டு இருக்காங்க. றொசல்லயில, எங்ககூடத்தான். கையெழுத்து எதும் வேணுமா? வந்தீங்கன்னா கோடாலி மருதாயின்னு கேளுங்க. எங்க லயத்துல மருதாயி மூணு பேரு." சொல்லிவிட்டு அந்தப் பெண் சிரித்தது.

பிரியமானவர்களே, என் ஜெபத்துக்கு வந்த பதில் இதுதான். அந்தப் பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

சனிக்கிழமை கோச்சி ஏறினேன். றொசல்லயில் இறங்கினேன். தண்டவாளம் ஓரமாக நடந்து, தேயிலைக்குள் ஏறி, தண்ணிக் குழாயடியில் நின்ற பெண்களிடம் கேட்டேன்.

"மருதாயி அக்கா வீடு எது?"

"எந்த மருதாயி? கங்காணி சம்சாரமா, நொண்டி மருதாயியா, கோடாலி மருதாயியா?"

என்னால் வந்த பெயரை நானே சொன்னால்தான் வழி காட்டுவார்கள். சொன்னேன்.

அக்கா வாசலில் கொழுந்துச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னை ஏறிட்டுப் பார்த்து, உடனே கண்டுகொண்டார்.

"ஸ்டெல்லா புள்ளயா? வா. குந்து."

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல் தெரியாததை. தலையாட்டியதை. வாசித்துக் காட்டாததை. சிரித்ததை. அவர் தையலை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா அக்கா?"

"பதினாலு நாளு உள்ள இருந்தேன்ல? கூட இருந்ததெல்லாம் சிங்களப் பொம்பளைங்க. அங்கதான் பேசப் பழகுனேன். பொறக்குனதுன்னா எஹுலுவா. வெட்டுனதுன்னா கெபுவா. அந்தாளு கேட்டது எங்காதுல இருந்துச்சு, நீ தலையாட்டுனது கண்ணுல இருந்துச்சு. ரெண்டையும் சேத்துப் பாத்தேன்."

"ஏங்க்கா யாருகிட்டயும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்லச் சொல்ற? அங்க எழுதப் படிக்க நீ ஒருத்திதான். வெளிய வந்த அடுத்த வாரமே மாமனாரு பென்சன் கடுதாசிக்கு உன்கிட்டதானே வந்து நின்னேன்? ஒன்னைப் பகைச்சுக்கிட்டு எங்க போறது?"

பொறுமை என்று நான் நினைக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு அந்த உள்ள இருந்ததுகூடப் போச்சு புள்ள. மார்ல பால் கட்டி, செவத்துல பீச்சி விட்டேன். அதுவும் போச்சு. இந்தப் பேருதான் போகல. மகள இங்க கட்டிக் குடுத்து வந்தோம். சாமான் லொறியில வந்துச்சு. பேரு அதுக்கு முந்தியே வந்து லயத்துல குந்தியிருந்துச்சு."

கொண்டுபோயிருந்த கடதாசியை எடுத்தேன். நடந்ததை எழுதி, விண்ணப்பத்தோடு சேர்த்து நீதிமன்றத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னேன். அதனால் எனக்குக் கறுப்புக் கோட் கிடைக்காமல் போகலாம் என்றும் சொன்னேன்.

"அது ஒம்பாடு. மொதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டு. சத்தமா. குழாயடிக்குக் கேக்கணும்."

வாசித்தேன். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். அவருடைய மகளும் வந்து நின்றது, இப்போது சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பக்கத்தை நான் வாசித்ததில்லை. முடிந்ததும் அக்கா, "கடேசில ஒரு வரி போடு. மருதாயிகிட்ட கோடாலி இருந்ததில்ல" என்றார். போட்டேன். அவர் பேனாவை வாங்கி, நாலு எழுத்தையும் மெதுவாக எழுதினார். கைநாட்டு வைக்கக் கூடாதென்று பிறகு கற்றுக்கொண்டாராம்.

திங்கட்கிழமை அதைச் சேரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதப் பாத்துட்டும் நான் உங்களுக்குச் சான்று எழுதினா, என்னையும் கேப்பாங்க, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். எழுதினார். இவர் தனக்கு எதிராகத் தானே எழுதியதை நான் வாசித்தேன் என்று அதில் ஒரு வரி இருந்தது.

என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு தவணை தள்ளிப்போனது. என்னோடு படித்தவர்கள் கறுப்புக் கோட்டோடு படம் எடுத்துப் போட்டார்கள். நான் அவர்களுக்கு வாழ்த்து அனுப்பிவிட்டு, பழையபடி கந்தோரில் முத்திரை ஒட்டினேன். அந்த மாதங்களில் வியப்பாக ஒன்று நடந்தது. எனக்குத் தூக்கம் வந்தது. போன மாதம் என்னையும் அழைத்தார்கள். சத்தியப்பிரமாணம் செய்தேன். சுழியும் இல்லை, அடியில் கோடும் இல்லை. பெயரை மட்டும் எழுதினேன்.

இப்போது யாருடைய வாக்குமூலத்தையும் இரண்டு தரம் வாசித்துக் காட்டுகிறேன். சொல் தெரியாவிட்டால் எல்லார் முன்னாலும் தெரியவில்லை என்கிறேன். காது இன்னும் சுடத்தான் செய்கிறது. வெட்கமும் போகவில்லை, போக வேண்டும் என்று இப்போது நான் கேட்பதுமில்லை. உங்களில் யாராவது எதையாவது மூடி வைக்கச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தால், என்னைப் பாருங்கள். ஆண்டவர் மூடவில்லை. என்னைக் கையைப் பிடித்து றொசல்லயில் இறக்கிவிட்டார். அவரை நம்பி இறங்குங்கள்.

சத்தியப்பிரமாணம் முடிந்து கொழும்பிலிருந்து வந்த அன்று, மறுபடியும் அங்கே இறங்கினேன். கறுப்புக் கோட் பையில் மடித்து இருந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்து, "சூடா இருக்குமே, ஹட்டன் குளுருக்கு நல்லது" என்றார். குழாயடிப் பெண் ஒருத்தி அவரை வெறும் மருதாயி என்றும் கூப்பிட்டாள், இன்னொருத்தி பழைய பெயரிலும் கூப்பிட்டாள். ஒரு பெயரை எடுக்கிற வேகத்தில் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஹட்டன் கோச்சிக்கு என்னோடு ஸ்டேஷன்வரை நடந்து வந்தார். ஏறி, வாசலில் நின்றுகொண்டு, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"அக்கா, என்னை மன்னிச்சிட்டீங்களா?"

கோச்சி அசைந்தது. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்தார்.

"மன்னிச்சேன்னு சொல்றதுக்குச் சிங்களத்துல என்ன?"

எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"தெரியும்னு தலையாட்டாத," என்றார். "யாருகிட்டயாச்சும் நல்லாக் கேட்டுட்டு வா."