மனைவியின் பாலிசியில் கணவன் நம்பர்

பிள்ளைகளே, ஃபோன் வந்தால் அப்பா ஏன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போகிறார் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணத்தை எழுதி வைக்கிறேன்.

நான் பி.யூ.சி.யோடு நின்றவன். இன்ஷூரன்ஸ் ஏஜென்டாகத் தொடங்கி இப்போது மியூச்சுவல் ஃபண்டும் பார்க்கிறேன். விசிட்டிங் கார்டில் நிதி ஆலோசகர் என்று இருக்கிறது. அச்சடித்தவர் போட்டது, நான் ஆட்சேபிக்கவில்லை.

பெங்களூர் ஆடுகோடியில் ஒரு தம்பதி. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். இருவருக்கும் பாலிசி போட்டுக் கொடுத்தது நான்தான். ஒருநாள் அந்தப் பெண் மட்டும் கூப்பிட்டாள்.

“அண்ணா, என் பாலிசியில நாமினி அவர் பேர்ல இருக்கு. எங்க அம்மா பேருக்கு மாத்தணும். அவருக்குத் தெரிய வேணாம்.”

“சண்டையாம்மா?”

“சண்டை இல்லண்ணா. நான் ஒரே பொண்ணு, அம்மாவுக்கு வேற யாரும் இல்ல. எனக்கு ஒண்ணு ஆயிட்டா அவர் எங்க அம்மாவப் பாத்துக்குவாரு. ஆனா எங்க மாமியார் பக்கத்துலயே இருப்பாங்களே, விட மாட்டாங்க.”

பாலிசி அவளுடையது, கையெழுத்தும் அவளுடையது. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்று சொன்னேன். வரவும் இல்லை. படிவத்தை ஆபீசில் கொடுத்தேன். இரண்டாம் நாள் கணவர் கூப்பிட்டார்.

“இன்னா சார், நாமினி மாத்தியாச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்துருக்கு. நாமினி செத்துட்டா மாத்தணும்னு நீங்கதான சொன்னீங்க. நான் செத்துட்டனா?”

அப்போதுதான் புரிந்தது. எந்த வீடானாலும் மனைவியின் படிவத்திலும் கணவன் நம்பரைத்தான் போடுவேன். இத்தனை வருட வழக்கம். இந்தப் பாலிசிக்கும் அப்படியே போட்டிருந்தேன். கம்பெனி, படிவத்தில் இருந்த நம்பருக்குச் சொல்லிவிட்டது.

“உங்க பாலிசியப் பத்திக் கேளுங்க சார், சொல்றேன். அவங்களோடத அவங்ககிட்டதான் கேக்கணும்.”

“நீங்க யார் பக்கம்?”

“ரெண்டு பேரும் க்ளையண்ட் சார்” என்றேன். அவர் வைத்துவிட்டார்.

அவர் வீட்டுக்குப் போவதற்குள் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கோரமங்கலாவில் அவள் ஆபீசுக்கு வண்டியை விட்டேன். கேட்டுக்கு வெளியே வரச் சொல்லி நடந்ததைச் சொன்னேன்.

“யார் நம்பர் இருக்குன்னு பாக்கலியாண்ணா?”

“பாக்கலம்மா. எல்லார் வீட்டுக்கும் புருஷன் நம்பர்தான் போடுறது.”

“ஏன்?”

“அவங்கதான் ஃபோன எடுப்பாங்கன்னு.”

“நீங்க ஃபோன் பண்றப்பல்லாம் நான்தான எடுத்தேன்.”

உண்மைதான். கணவர் பாதி நேரம் எடுப்பதே இல்லை.

“நானே சொல்லியிருப்பேன், மெதுவா. அவர் தங்கச்சி கல்யாணம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். இனிமே நான் என்ன சொன்னாலும் மறைச்சவதான்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “நீங்க நல்லவர்தாண்ணா. ஆனா இனி உங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை, கேட்கும் உரிமை போய்விட்டிருந்தது. நாமினி அம்மா பேரிலேயே இருக்கிறது, அதுவரை தெரியும். அவள் மற்ற சேமிப்புகளை வேறு ஆளிடம் கொண்டுபோய்விட்டாள். கணவர் மட்டும் என்னோடு இருக்கிறார். தினமும் குட் மார்னிங் படம் அனுப்புகிறார்.

இப்போது எந்தத் தம்பதியானாலும், காபி வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஒருவர் தனியாகச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டேன். இருவருக்கும் பொதுவான கணக்கைப் பாதிக்கிற விஷயமென்றால், நீங்களே சொல்லுங்கள், இல்லையென்றால் நான் விலகிக்கொள்கிறேன் என்பேன். பிறகு ஆளுக்கொரு நம்பர் வாங்குவேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு பெரியவர், “நாப்பது வருஷமா சேந்து இருக்கோம், ஸ்வல்ப, கொஞ்சமாவது நம்புங்க சார்” என்றார். அவர் மனைவி தன் நம்பரை உடனே சொன்னார். இவர்களில் யார் கூப்பிட்டாலும், உங்கள் காதில்கூட விழக் கூடாது என்றுதான் தெருவுக்குப் போகிறேன்.

ஆபீஸ் கேட்டில் அந்தப் பெண்ணைப் பார்த்ததற்கு மறுநாள் மதியம், வீட்டில் யாரும் இல்லை. பீரோவைத் திறந்து உங்கள் அம்மாவின் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். என் நம்பர்தான் இருந்தது. நம்பர் மாற்றும் படிவத்தை எடுத்தேன். உங்கள் அம்மாவின் நம்பர் எனக்கு மனப்பாடமாக இல்லை. ஃபோனில் பார்த்து எழுதினேன். கையெழுத்து இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்தேன். அடியில் நாமினி மாற்றும் படிவம் ஒன்றையும், ஓர் எழுத்தும் எழுதாமல் வைத்து, இரண்டையும் அவள் கைப்பை வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.