இடம் சொல்லாத வெண்கலக் காசுகள்

மாங்குளத்தில் பழைய இரும்பு வாங்கி விற்ற சலீம் நானா காலமான செய்தி, நான் புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்பில் நிற்கும்போது வந்தது. அழைத்தவர் அவருடைய மருமகன். "மாமா மௌத்தாப் போயிட்டார், சேர்." நான் "ஓம்" என்று சொல்லிவிட்டு மீதிப் பாடத்தையும் நடத்தி முடித்தேன். ஏன் என்று இன்னும் தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய தராசும் தெரியும். அதில் ஏறாமல் தப்பியவை, ஒரு பெண் பித்தளைச் சாமான்களோடு கொண்டுவந்த பதினொரு காசுகள். சட்டைப் பொத்தான் அளவு, பச்சைக் களிம்பு. "எழுத்து இருக்கிறதை உருக்க மனம் வருதில்லை, சேர்" என்று, சரித்திரம் படிப்பிக்கிற என்னிடம் கொண்டுவந்தார். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் ஒன்றைப் பழப்புளி போட்டுத் தேய்த்தேன். காசு பளபளத்தது, எழுத்தைக் காணவில்லை. நானா மிச்சப் பத்தையும் பொத்தி எடுத்துக்கொண்டார்.

பிறகு பழைய பிரஷ் ஒன்றால் அவரே பொறுமையாகத் துப்புரவாக்கியதில் இலத்தீன் எழுத்துகள் தெரிந்தன. ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முந்தைய உரோமக் காசு. 'நல்ல காலம் திரும்பிவிட்டது' என்று அந்த எழுத்துக்குப் பொருள் சொன்னேன். அதே பக்கத்தில், குதிரையிலிருந்து விழுந்தவனை ஒரு சிப்பாய் ஈட்டியால் குத்துகிறான். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பிய மனிதர் சிரித்தார். "இதை ஆர் எழுதினது? குத்தினவரா, விழுந்தவரா?"

"குத்தினவரின்ர ஆக்கள்தான்."

"அதானே."

எங்களுக்குள் வந்த ஒரே சண்டை காசு கிடைத்த இடத்தைப் பற்றியது. இடம் தெரியாவிட்டால் காசுகளைப் பற்றி நான் எழுதத் தொடங்கிய கட்டுரைக்கு மதிப்பில்லை. நச்சரித்தேன். "காசில ராசாட பேர் இருக்கு, சேர். அந்த அம்மாட காணிக்குப் பத்திரம்கூட இல்லை. தொல்பொருள் இடம் எண்டு அரசாங்கம் கயிறு கட்டினா அவா எங்க போறது?" எனக்குக் கோபம். பல மாதம் கடைப் பக்கம் போகவில்லை. கடைசியில் அவர் இல்லாத வீட்டுக்குத்தான் போனேன்.

வாசலில் ஒரு பெண் நின்றார். மலையகத்திலிருந்து வந்து இங்கே கச்சான் கடலை பயிரிடுகிறவர். "காசு குடுத்தது நாந்தாங்க, ஐயா. நானா வாயத் தொறந்திருந்தா எங்கள காணிய விட்டு எழுப்பியிருப்பாங்க" என்றார். நான் கேட்காமலே இடத்தையும் சொன்னார். நானாவின் கூட்டாளி என்பதால் நம்பியிருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை மட்டும் இன்றுவரை வரவில்லை.

கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். கிடைத்த இடம் என்பதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. நானாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான்.