பாய் கொண்டு வரச் சொன்ன திருநாள்

எங்கள் அக்கா கண்ணை மூடி இன்றோடு ஓர் ஆண்டு நிறைவடைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர், பங்கு மக்கள், அக்காவிடம் படித்த பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள் அனைவருக்கும் வணக்கம். அட்டையில் இருப்பது அக்காவுக்குப் பிடிக்காத படம். "இதுல யாரையோ அடிக்கப் போற மாதிரில்லா நிக்கேன்" என்பார். நிஜமாகவே அப்படித்தான் நிற்பார் என்பதால் அதையே போட்டேன்.

எங்கள் பெரியப்பா மகன், குடும்பத்தில் மூத்த அண்ணன், போன மாதம் ஊரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏட்டி, மலர்ல நல்ல விசயத்த மட்டும் எழுது. அந்த ஸ்கூல் சண்டைய எழுதி வச்சிராத. செத்தவளுக்கு அது மரியாத இல்ல, பாத்துக்கோ" என்றார். அண்ணன் மன்னிக்க வேண்டும். அதைத்தான் எழுதப் போகிறேன். அந்த ஒரு நாளை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாரோ ஒருத்தியின் நினைவு மலராகிவிடும்.

அக்கா பிறந்தது வள்ளியூருக்குக் கிழக்கே, கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில். அப்பா அந்தக் கோயிலில் செபமும் வேதபாடமும் சொல்லிக்கொடுத்த உபதேசியார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குத் தலை வாரியதும், சோறு ஊட்டியதும், முதுகில் நாலு வைத்ததும் அக்காதான். அடி சற்று அதிகம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்தார். கூடவே இந்திப் பரீட்சைகளையும் எழுதித் தேறினார். அப்பாவும் இறந்த பிறகு, மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருந்த மாமா எங்கள் இருவரையும் தில்லிக்கு வரவழைத்தார். என்னைப் படிக்க வைத்து, டைப்பிங் கற்க வைத்து, ஓர் அலுவலகத்தில் சேர்த்து, திருமணமும் செய்து வைத்தார் அக்கா. தனக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

"பாவம், தில்லில யாரோ பெத்த பிள்ளையளுக்கு மூக்கத் தொடச்சே காலத்த ஓட்டிட்டா" என்று பேசியவர்கள் சிலரும் இன்று வந்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னது சரிதான். துடைத்தார். தில்லிக் குளிரில் எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகவில்லை?

அக்கா வேலை பார்த்தது தெற்கு தில்லியில், கன்னியர் நடத்திய ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில். காலையில் அது கட்டணம் கட்டிப் படிக்கும் ஆங்கிலப் பள்ளி. மதியம் ஒரு மணிக்கு மேல் அதே கட்டடத்தில், அதே பெஞ்சுகளில், குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு இலவச இந்திப் பள்ளி. செகண்ட் ஷிப்ட் என்பார்கள். அக்கா செகண்ட் ஷிப்ட் மிஸ். பிள்ளைகள் கணக்கையும், எங்கள் அக்காவின் நெல்லை இந்தியையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள்.

நவம்பரில் பள்ளியின் பாதுகாவலரான புனிதரின் திருநாள் வரும். காலைப் பிள்ளைகளுக்குத் திருப்பலி, பாட்டு, நாடகம், பலூன், கேக். பெற்றோர் கேமராவோடு வருவார்கள். பன்னிரண்டரைக்கு அவர்கள் கிளம்பியதும் ஆயாக்கள் ஏணி போட்டு தோரணங்களை அவிழ்ப்பார்கள். ஒரு மணிக்கு மதியப் பிள்ளைகள் தலையில் எண்ணெய் வைத்து, துவைத்த சட்டையோடு வரும்போது வெறும் கம்பிதான் இருக்கும். ஆளுக்கு ஒரு சமோசா, இரண்டு மிட்டாய், காகிதத்தில் சுற்றி. "அவங்க பிச்சுப் போட்டுருவாங்கன்னு அவுக்காங்களாம். இன்னும் பாக்கவே இல்ல, அதுக்குள்ள பிச்சிட்டாங்களா?" என்று ஒவ்வோர் ஆண்டும் வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிவார் அக்கா.

மூன்று ஆண்டுகள் அவர் முறையாகக் கேட்டார். திருநாளன்று இரண்டு ஷிப்டுக்கும் ஒரே சாப்பாடு போடுவோம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும் என்றார். தலைமைச் சகோதரி ராஞ்சிப் பக்கத்துக்காரர், கெட்டவர் அல்லர். "காலைப் பெற்றோர் ஒப்பமாட்டார்கள், மிஸ். அவர்கள் கட்டும் பணத்தில்தான் உங்கள் மதியப் பள்ளி நடக்கிறது. அவர்கள் போய்விட்டால் யாருக்கு நஷ்டம்?" என்று மூன்று முறையும் அதையே சொன்னார். அது பொய் இல்லை என்பதால்தான் அக்காவுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

தில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள். எங்கள் ஊரில் கோயில் திருநாள் முடிவில் அசனம் போடுவார்கள். வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, கோயில் வளாகத்தில் பெரிய அண்டாக்களில் பொங்கி, ஊரே தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. பண்ணையார் பக்கத்தில் பனையேறி உட்காருவார். அது விருந்து மட்டும் அல்ல, வேண்டுதலும்கூட. உட்கார மாட்டேன் என்று எழுந்து போனவரை எங்கள் அப்பா கேட்ட கேள்விகளை இங்கே அச்சிட முடியாது.

நான்காம் ஆண்டு ஆசிரியர் கூட்டத்தில் அக்கா வேறு மாதிரி ஆரம்பித்தார். "சிஸ்டர், இஸ் பார் அசனம் கரேங்கே. தோனோ ஷிப்ட், ஏக் சாத்." இந்த முறை அசனம் வைப்போம், இரண்டு ஷிப்டும் சேர்ந்து என்றார். தமிழ் அறியாத சிஸ்டர் காதில் அது ஆசனம் என்று விழுந்தது.

"ஆசன்? யோகா? அரே வாஹ், பஹுத் அச்சா!"

அந்த மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, பள்ளியில் உடற்பயிற்சி போதாது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். சிஸ்டருக்குத் தலைவலி தீர்ந்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. இரண்டு நாளில் சுற்றறிக்கை வந்தது. திருநாளன்று காலை பத்து மணிக்கு இரு ஷிப்ட் பிள்ளைகளும் மைதானத்தில் ஆசன நிகழ்ச்சியில் கலந்துகொள்ள வேண்டும், ஒவ்வொருவரும் பாயோ விரிப்போ கொண்டு வர வேண்டும். கீழே சிஸ்டரின் கையெழுத்து, பள்ளியின் முத்திரை.

அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுச் சமையலறையில் நின்று சிரித்த சிரிப்பில் குக்கர் சத்தமே கேட்கவில்லை. "ஏட்டி, பாயும் கொண்டாரச் சொல்லிருக்காவளே!"

"நாளைக்கே போயி தப்பா எழுதிட்டீங்கன்னு சொல்லிரு, அக்கா" என்றேன்.

"இதுல என்ன தப்பு? மைதானம் சரி, ரெண்டு ஷிப்டும் சரி, பாயும் சரி. சோறு மட்டும் விட்டுப்போச்சு. அத நான் கொண்டு போறேன்."

விளையாட்டாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை என்று தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். அடுத்த ஆண்டு காலைப் பள்ளியின் தொடக்கப் பிரிவுக்கு அக்காவைத் தலைமை ஆசிரியையாக்குவதாகச் சிஸ்டரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மதியப் பள்ளியில் அரைச் சம்பளத்துக்கு இத்தனை வருடம் உழைத்ததற்கு வந்த ஒரே நல்ல சேதி. "அத நெனச்சுப் பாரு" என்றேன். "நெனச்சுப் பாத்துட்டேன்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மதியப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்த ரேவதியின் தாய் அஞ்சலை அம்மாள். உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து, ரயில் பாதையோரக் குடிசையில் இருந்துகொண்டு நான்கு பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தவர். அக்கா முதலில் போய் நின்றது அவர் வாசலில். "டீச்சரம்மா, எங்க ஊட்டு அரிசியில பொங்குன சோத்த அவங்க துன்னுவாங்களா?" என்று கேட்டார் அவர். "திங்காட்டி நாம திம்போம். நீ குடு" என்றார் அக்கா. தமிழர் குடிசைகளிலிருந்து மட்டுமல்ல, பீகார், ராஜஸ்தான் தாய்மார்களும் முந்தானையில் அரிசி கட்டிக் கொண்டு வந்தார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சாம்பார்ப் பொடியும் புளியும் வாங்கி பஸ்ஸில் சுமந்தது நான். திட்டிக்கொண்டேதான் சுமந்தேன்.

திருநாள் காலை. மைதானம் முழுக்கப் பாய், போர்வை, பழைய சேலை, சாக்கு. காலைப் பிள்ளைகள் மெரூன் ஸ்வெட்டர், மதியப் பிள்ளைகள் ஆளுக்கொரு நிறம். விளையாட்டு ஆசிரியர் வழக்கப்படி உயர வரிசையில் நிறுத்தினார். உயரத்துக்கு ஷிப்ட் தெரியாதே, இரண்டும் கலந்துபோயின. கையைத் தூக்கினார்கள், குனிந்தார்கள், பெற்றோர் நாற்காலிகளிலிருந்து கைதட்டினார்கள். கடைசியாக "பத்மாசன்!" என்று விசில் ஊதினார். எல்லாப் பிள்ளைகளும் சம்மணம் போட்டு உட்கார்ந்த அந்த நொடியில், பின்வாசல் வழியாக இலைத் தட்டுகளோடு தாய்மார்கள் உள்ளே வந்தார்கள். பின்னாலேயே வாளியில் சோறு, தூக்கில் சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு.

"மிஸ், யே க்யா ஹை?" என்று ஓடி வந்தார் சிஸ்டர்.

"அசனம், சிஸ்டர்" என்றார் அக்கா. சுற்றறிக்கையையும் எடுத்துக் காட்டினார்.

முன்வரிசை நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணி எழுந்தார். அஞ்சலை அம்மாள் பாத்திரம் தேய்க்கும் வீடுகளில் ஒன்று அவருடையது. அவர் மகளும் ரேவதியும் ஒரே உயரம், பக்கத்துப் பக்கத்துப் பாய். மகளின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். வரிசையில் அங்கங்கே பல் விழுந்த மாதிரி இடைவெளி. பரிமாறிக்கொண்டிருந்த அஞ்சலை அம்மாளின் கை நின்றுவிட்டது. ரேவதி தன் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் டீச்சரம்மா. எடுத்துடலாம், நமக்கு எதுக்குப் பொல்லாப்பு" என்றார்.

"போட்ட எலைய எடுக்கப்பிடாது. கரண்டிய இங்க குடு. நீ போயி பிள்ள பக்கத்துல உக்காரு" என்றார் அக்கா. மற்ற தாய்மார்களையும் பார்த்து, "பைட்டோ! சப் பைட்டோ!" என்று மைதானம் அதிரக் கத்தினார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, காலியான இடங்களில் உட்கார்ந்தார்கள். அக்கா குனிந்து அவர்கள் இலையில் சோறு வைத்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சர்தார்ஜி எழுந்தார். தொலைந்தது, இவரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மகன் பக்கத்தில் சம்மணம் போட்டார். "லங்கர் ஹை, லங்கர்! பைட் ஜாவோ" என்று மற்ற அப்பாக்களையும் உட்காரக் கூப்பிட்டார். குருத்வாராவில் தினமும் நடக்கிற பந்தி அவருக்குத் தெரியும். எங்கள் ஊர் அசனத்தைத் தில்லியில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். அதன் பிறகு எழுந்து போனவர்களைவிட உட்கார்ந்தவர்களே அதிகம்.

சிஸ்டர் உட்காரவில்லை. அலுவலகத்துக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றின. சிஸ்டர் பயந்தது நடந்தது, அதை மறைக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் கொடுங்கள், விஷயத்தை முடித்துவிடலாம் என்று அக்காவிடம் கேட்டார்கள். ஊரிலிருந்து எத்தனை தொலைபேசி அழைப்பு! "ஒரு வரிதான, எழுதிக் குடுத்தா கையா தேஞ்சிரும்?" என்று கேட்டவர்களுக்கு அவரவர் குரல் நினைவிருக்கும்.

மற்றவர்களைச் சொல்வானேன். அந்தக் கடிதத்தை டைப் செய்து கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்ததே நான்தான். கையெழுத்து மட்டும் போடு என்று அழுதேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை வாசித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தி, பக்கத்தில் பத்துக்கு ஏழு என்று மதிப்பெண் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

பள்ளிக்கு அவர் கொடுத்தது இரண்டே வாக்கியம். பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். அதற்காக வருந்தவில்லை.

தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. அக்கா கடைசி வரை செகண்ட் ஷிப்ட் மிஸ்தான். அந்தப் பள்ளியில் மறுபடியும் அசனம் நடக்கவில்லை. நடந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் எழுத மாட்டேன். மறு ஆண்டிலிருந்து தோரணத்தை மட்டும் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் அவிழ்த்தார்கள். அக்கா ஜெயித்தாரா தோற்றாரா என்று கணக்குப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை.

சிறுநீரகம் கைவிட்டு மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரத்தில் சிஸ்டர் வந்தார். அவரும் தளர்ந்துபோயிருந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்றைக்குப் பயந்துபோய்விட்டேன், மிஸ்" என்று இந்தியில் சொன்னார்.

"நானுந்தான் சிஸ்டர். காலெல்லாம் நடுங்குச்சு" என்றார் அக்கா. தமிழில்தான் சொன்னார். அந்த நிலையில் அவருக்கு இந்தி வரவில்லை. நான் மொழிபெயர்த்தேன். சிஸ்டர் அழுதார். நானும் அழுதேன். அக்கா பயப்படுகிறவர் என்று அதுவரை எனக்கே தெரியாது.

டயாலிசிஸுக்கு அழைத்துப்போக முறை வைத்துக்கொண்டு வந்த பங்கு இளைஞர்களுக்கும், இரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலைத் தந்த பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அஞ்சலை அம்மாள் நான்கு வீட்டு வேலையையும் முடித்துவிட்டு வந்து அக்காவைக் குளிப்பாட்டினார். அவருக்கு நன்றி என்று சொன்னால் என்னைத் திட்டுவார். ஆகவே சொல்லவில்லை.

அண்ணன் தொலைபேசியில் இன்னொன்றும் சொன்னார். "சாப்பாட்டுக்கு நம்ம ஆளுவள மொதப் பந்தில உக்கார வச்சிரு. அந்தக் குடிசப் பக்கத்து ஆளுவள ரெண்டாம் பந்தில பாத்துக்கலாம்."

இன்று பங்கு மண்டபத்தில் இரண்டாம் பந்தி கிடையாது. நாற்காலி முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும். மற்றவர்கள் எல்லோருக்கும் தரையில் பாய். அரிசி, அக்காவிடம் படித்த பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்தது. அண்ணனின் இலை அஞ்சலை அம்மாளின் இலைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறது. அண்ணே, வந்து உட்காருங்க. சோறு ஆறுது.