பட்டைத் தேடிப் போன சாயம்

கடை திறந்த இரண்டாம் வருஷம், ஐப்பசி மழையில் என் மானம் கப்பலேற இருந்தது. எழுபதுகளின் கடைசி அது. ஆரணியில் பழைய பீரோ, அலமாரி, மேஜைகளை வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, புதுக் கலர் கொடுத்து விற்றுக்கொண்டிருந்தேன்.

என் சரக்குக்குத் தனி மினுமினுப்பு. அடியில் வெள்ளை எனாமல். காய்ந்ததும் மேலே கலர் கலந்த பாலிஷை மெல்லிசாக இழுத்து, துணியால் ஒற்றி எடுப்பேன். பெயின்ட் கடைக் கலர் எனக்குப் போதவில்லை. பட்டுக்குச் சாயம் போடும் கண்ணப்பரிடம் மிச்சமான சிவப்புப் பொடியை வாங்கி ஸ்பிரிட்டில் கரைத்துப் பாலிஷில் கலந்தேன். மாதுளை முத்து மாதிரி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முள்ளிப்பட்டில் தறி நெய்யும் வள்ளியம்மா ஓர் அலமாரி வாங்கிப் போனார். மழையில் அவர் வீட்டுக் கூரை அந்த அலமாரி மேல் ஒழுகியது. அதற்குள் வைத்திருந்த, தறியில் குறுக்கே ஓட்டும் சந்தன நிறப் பட்டு நூலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எல்லாவற்றிலும் சிவப்புத் திட்டு.

"மொதலாளி ஊடைக்குக் குடுத்த நூலுண்ணா. பாத்தாருன்னா தறிய நிறுத்திடுவாரு. அஞ்சு பேரு அத நம்பிகினு கீறோம்."

"மழைக்கு நானா பொறுப்பு?" என்று எகிறினேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. விரலில் எச்சில் தொட்டு, விற்பனைக்கு நின்ற பீரோவில் தேய்த்துக் காட்டினார். விரல் சிவந்திருந்தது.

கண்ணப்பரிடம் ஓடினோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா நீ! பட்டுக்குன்னு செஞ்ச சாயம் அது. ஈரம் கெடச்சா பட்டத் தேடிகினு போவாதா? இது இனிமே சந்தனம் ஆவாது. மொத்தத்தையும் அரக்குக் கலர்ல முக்கித் தரேன். மொதலாளியக் கேட்டுகினு வா."

முதலாளி வீட்டுக்கு நடந்தோம். அந்த முதலாளியும் மகள் கல்யாணத்துக்காக என்னிடம் பீரோ வாங்கியிருந்தார். சொல்லாமல் விட்டால் இப்போதைக்குத் தெரியாது. சொன்னால் அப்புறம் ஊரில் யார் என்னிடம் வாங்குவார்கள்?

நூலைப் பார்த்ததும் முதலாளி வள்ளியம்மா மேல் பாய்ந்தார். "நூல வெக்கத் தெரியாதவளுக்கு எதுக்குத் தறி?"

"அவங்க மேல தப்பில்லீங்க. என் பாலிஷ்தாங்க சாயம் வுட்டிச்சு," என்றேன். அதோடு நிறுத்த மனம் வரவில்லை. "உங்க வூட்டு பீரோவும் அதே பாலிஷ்தாங்க. ஜல்தியா காலி பண்ணுங்க."

அவர் உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் கல்யாணப் புடவைகளைச் சுற்றி வைத்திருந்த வெள்ளை வேட்டி. அதன் ஓரம் ரோஸ் நிறமாகியிருந்தது. நல்லவேளை, புடவைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேட்டியை என் முன்னால் போட்டார். பிறகு வள்ளியம்மாவிடம், "தறியில ஏத்தின பாவு சந்தனமாவே இருக்கட்டும். ஊடைய அரக்குல முக்கச் சொல்லு. டபுள் கலரா வரட்டும்," என்றார். தறி பிழைத்தது.

விற்றதையெல்லாம் தேடிப் போய்ச் சுரண்டி, பெயின்ட் கடைக் கலரிலேயே மறுபடி செய்து கொடுத்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வாங்குகிறவர் எதிரிலேயே ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துக் காட்டிய பிறகே விலை பேசுங்கள்.

பின்னொரு நாள் வள்ளியம்மாவிடம், நேராக முதலாளியிடமே போய் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"மொதலாளி இன்னா சொல்லுவாருன்னு தெரியும்ணா. நீங்க இன்னா சொல்லுவீங்கன்னு தெரியல. அதான் கேக்க வந்தேன்."

நான் முதலில் என்ன சொன்னேன் என்பதை அவர் சொல்லிக்காட்டவே இல்லை. அதற்குத்தான் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.