பையில் இருந்த ஸ்விட்ச்

ஓசூரில் வேலை பார்த்தபோது, வாடகை அறையில் மேசை நிறையப் பொம்மை ரயிலுக்குப் பாதை போட்டுக்கொண்டிருந்தேன். ரயில் தடம் மாறும் இடத்தில் வைக்கிற ஸ்விட்சில் மட்டும் மனம் ஒப்பவே இல்லை. பெங்களூர்க் கடையில் இரண்டு வகை வாங்கிவந்தேன். எதில் சக்கரம் தட்டாது என்று பார்க்க, இரண்டையும் நுண்ணிய அளவுக் கருவிகள் இருக்கிற கம்பெனிக்கே கொண்டுபோய் மதிய இடைவேளையில் ஒளித்து ஒளித்து அளந்தேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டில் செக்யூரிட்டி என் பையைத் திறந்தார். பின்னால் பஸ்ஸுக்குப் போகிற கூட்டம் வரிசையில் நின்றது.

“என்னா சார் இது, கம்பெனி பார்ட்டா?”

“இல்லைங்க, என் பையனோட பொம்மை.”

“போன வாரந்தான சார் பொண்ணு பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனீங்க?”

வரிசையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. என்னுடையதுதான், வீட்டில் ரயில் விடுகிறேன் என்று முனகினேன். அவரும் சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். அவரோ ஸ்விட்சை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்துவிட்டு, ஆசையாகக் கேட்டார்.

“ரயிலு நல்லா ஓடுதா சார்?”

இரண்டு வருடமாக நான் பாதையைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

“ரயில் இன்னும் வாங்கலீங்க” என்றேன்.