மழையைக் கேட்டேன், மகனைக் கொடுத்தார்

என் மகன் லியோ, அவன் அப்பாவை அடக்கம் பண்ணின நாளிலிருந்து ஜெபத்துக்கு வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் கிளம்பினால் குப்புறப் படுத்துக்கொள்வான். ஜெபமாலையைக் கையில் எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். "என்னலே உனக்கு?" என்று கேட்டால் பதில் வராது. அப்பா பேரை எடுத்தாலோ அந்த இடத்திலேயே நிற்கமாட்டான். புருஷனைத்தான் மண்ணுக்குக் கொடுத்தேன், பிள்ளையையும் கண் முன்னாலேயே இழக்கிறேனே என்று நான் அழாத நாள் கிடையாது.

நான் ஜெயராணி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் எங்களுக்கு நேந்திரம் சிப்ஸ் கடை இருக்கிறது. எனக்கு மேடையில் பேசத் தெரியாது. கோபம் வந்தால் மட்டும் நன்றாகப் பேசுவேன், அது இந்தப் பங்குக்கோயில் ஜனத்துக்கே தெரியும். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் மூடிவைத்தால் என் மனசு பொறுக்காது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், குற்றாலத்தில் சீசன் முடிகிற நேரம். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். இங்கே வைத்துப் பார்க்க முடியாது, திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பினார்கள். நான் கூடப் போனேன். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த லியோவை என் மதினி வீட்டில் விட்டேன். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. ஜெபத்தில் உறுதியானவள். பங்கையே திரட்டிக் கோயிலில் உட்காரவைத்துவிட்டாள். லியோ பட்டினி கிடந்து, பீடத்துக்கு முன்னால் முழங்காலிலேயே இருந்தான். போனில் கேட்டால், "ஆண்டவரு எந்திக்க வைப்பாரு ஜெயா, நீ பயப்படாத" என்பாள் மதினி. அவர் எழுந்திருக்கவில்லை. பெட்டியில்தான் ஊருக்கு வந்தார்.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் முடிந்த பிறகு சிஸ்டர் எமில்டா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சிவகிரிப் பக்கத்துக்காரர்கள். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்காகப் பங்கு ஹாலில் சனி, ஞாயிறு ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். பழைய காலத்துக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில் எப்படிப் படித்தார்களோ அப்படியாம். லத்தீன் உண்டு. தர்க்கம் உண்டு. வடிவியல் தேற்றங்களை ஒவ்வொரு பிள்ளையாகப் போர்டில் நின்று நிரூபிக்க வேண்டும். பழைய புஸ்தகங்களைச் சத்தமாக வாசித்துக் கேள்வி கேட்க வேண்டும். பாட்டும் உண்டு, நட்சத்திரம் பார்ப்பதும் உண்டு. ஊரில் எல்லாரும் அதை 'லத்தீன் கிளாஸ்' என்றுதான் சொல்வார்கள்.

மதினிக்குப் பிடிக்கவில்லை. "லத்தீன் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறான்? நீட்டுக்குப் படிக்கச் சொல்லு" என்றாள். எனக்கோ பிள்ளை கோயில் வளாகத்துக்குள் காலை வைத்தால் போதும் என்றிருந்தது. அனுப்பினேன். போனான். தேற்றங்களை நிரூபிப்பது அவனுக்குப் பிடித்துப்போனது. கடையில் காய் சீவிக்கொண்டே முக்கோணத்தைப் பற்றி ஏதோ முணுமுணுப்பான். வாய் அசைகிறதே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

அவன் பதினொன்றாவது போன பிறகு, சாரல் பிடித்த நேரம். கடைக்குப் பின்னால் எண்ணெய்ச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அவன் குரல் கேட்டது. யாரோடும் பேசவில்லை, ஒப்பித்துப் பார்க்கிறான். "கடவுள் இல்லை என்றே தோன்றுகிறது. ஏனென்றால்..."

மாதாவே! அப்படியே கரண்டியைப் போட்டுவிட்டுச் சிஸ்டரிடம் ஓடினேன். "என்ன சிஸ்டர் சொல்லிக் குடுக்கிய எம் பிள்ளைக்கு? விசுவாசம் வரும்னு அனுப்புனா, உள்ளதையும் புடுங்கிட்டியளா?" என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன்.

சிஸ்டர் கோபப்படவில்லை. வகுப்பில் 'வாதம்' என்று ஒன்று நடத்துகிறார்களாம். ஒரு பெரிய கேள்வியை எடுத்துக்கொள்வார்கள். ஒரு பிள்ளை விசுவாசத்துக்கு எதிரான மறுப்பைச் சொல்லும். இன்னொரு பிள்ளை பதில் சொல்லும். ஆனால் எடுத்த எடுப்பில் பதில் சொல்லக் கூடாது. மறுப்பு சொன்னவன் என்ன சொன்னான் என்பதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று அவன் ஒத்துக்கொண்டால்தான் பதிலுக்கே அனுமதி. மறுப்பு சொல்கிறவனும் விசுவாசிதான், அது ஒரு பயிற்சி என்றார்கள்.

எனக்கு மூச்சு வந்தது. "அப்பம் பாடம்தானா சிஸ்டர்? நீங்க குடுத்ததத்தான் படிக்கானா?" என்றேன்.

அதற்குச் சிஸ்டர், "நான் குடுக்கலம்மா. மறுக்கிற பக்கத்த அவனே கேட்டு வாங்கினான்" என்றார்கள். வந்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு பெற்றோர் முன்னால் அந்த வாதம் நடக்கும், நீங்கள் வாருங்கள் என்றும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் விழுந்தேன். நான் என்ன ஜெபித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். 'அவனுக்கு விசுவாசம் கொடும்' என்று கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. 'அந்த வாதம் நடக்கக் கூடாது. ஊர் முன்னால் அவன் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. அன்றைக்குப் பேய்மழை பெய்யட்டும், கரண்ட் போகட்டும்' என்றுதான் கேட்டேன். இன்னொன்றும் மனசில் வைத்திருந்தேன். சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டு அசைய முடியாது, அதையே சாக்காகச் சொல்லி நான் போகாமல் இருந்துவிடலாம்.

மழை பெய்தது. என்ன மழை! அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வந்த வண்டிகளெல்லாம் திரும்பிப் போய்விட்டன. ரோட்டில் ஈ காக்கை இல்லை. கரண்டு மட்டும் போகவில்லை. பிள்ளைகள் குடையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார்கள். நான் காலிக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். சொல்வதற்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை. ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன்.

ஹாலில் தகரக் கூரை. மழைச் சத்தத்தில் கத்திப் பேசினால்தான் கேட்கும். லியோ எழுந்து நின்றான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசிக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"கடவுள் இல்லை என்றே தோன்றுகிறது. கேட்டால் தருவார் என்கிறார்கள். ஒரு பங்கே கூடிக் கேட்டது. தரவில்லை. அப்படியென்றால் அவருக்குக் கேட்கவில்லை. இல்லை, கேட்டும் பேசாமல் இருந்தார். இல்லை, அங்கே யாருமே இல்லை. முதல் இரண்டும் அவருக்குக் கேவலம். யாருமே இல்லை என்று சொல்வதுதான் அவருக்கு மரியாதை." கொஞ்சம் நிறுத்தினான். "நம்பினவன் கோயிலில் இருந்தான். நம்பாத டாக்டர்தான் அப்பா பக்கத்தில் இருந்தார்."

பின்னால் உட்கார்ந்திருந்த மதினி, "சேசுவே" என்றாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்றிருந்தது.

பதில் சொல்ல வேண்டியது ரீனா. ஆலங்குளத்துப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. "உலகத்தில் துன்பம் இருப்பதால் கடவுள் இல்லை என்கிறாய்" என்றாள்.

"இல்ல" என்றான் லியோ.

"உன் ஜெபம் கேட்கப்படாததால் உனக்குக் கோபம்."

"இல்ல. கோபத்தப் பத்தி நான் பேசவே இல்ல."

ரீனா மறுபடியும் முயன்றாள். அதற்கும் அவன் இல்லை என்றான். யாரோ ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, எல்லாம் தேவ சித்தம்" என்று ஆரம்பித்தார். சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்கள். "பதில் பொறவு, ஐயா. முதல்ல அவன் சொன்னதச் சொல்லுங்க. யாராச்சும் சொல்ல முடியுமா?"

மழைதான் கொட்டிக்கொண்டிருந்தது. என் பிள்ளை தனியாக நின்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் திமிர் இல்லை. யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டு நின்றான். நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"அவன் சொல்லுதது இதுதான்" என்றேன். "அப்பா செத்ததுக்காவ அவன் கேக்கல. எல்லா அப்பாவும் ஒருநா சாவத்தான் செய்வாவ. அப்பாவப் பாக்க திருநெல்வேலிக்குப் போறேன்னு அவன் சொன்னான். நாமதான் போவாண்டாம், முழங்கால எடுக்காத, அப்பா எந்திச்சு வருவாவன்னு சொன்னோம். அவன் நம்புனான். நம்பாம இருந்திருந்தா பஸ் ஏறி வந்திருப்பான். அப்பா கையப் புடிச்சிருப்பான். நம்புனதுக்கா எனக்கு இந்தத் தண்டனை, அப்படிப் பண்ணுத ஒருத்தரு அங்கன இருக்க முடியுமான்னு கேக்கான்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. "இதே கேள்வி எனக்கும் உண்டு. நான் பூசைக்கு வாரேன், நற்கருணை வாங்குதேன், உள்ளுக்குள்ள இதேதான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

லியோ என்னையே பார்த்தான். "ஆமா," என்றான். "நான் சொன்னது இதுதான்."

சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்பாவின் அடக்கத்தில்கூட அழாத பிள்ளை! மதினி பெஞ்சுகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு வந்து அவனைக் கட்டிப்பிடித்தாள். "நாந்தாம்ல போவாண்டாம்னேன், நாந்தாம்ல" என்று அவளும் அழுதாள். சிஸ்டர் அன்றைக்கு வாதத்தை அதோடு முடித்தார்கள்.

பஸ் இல்லை. நானும் அவனும் நனைந்துகொண்டே நடந்தோம். நன்னகரம் தாண்டியதும் கேட்டான், "அப்பா கடைசியா என்னம்மா சொன்னாவ?" அவன் கேட்கவே மாட்டான் என்று நான் எனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தது அது. "லியோ எங்கன்னு கேட்டாவ. கோயில்ல முழங்கால்ல இருக்கான்னு சொன்னேன். ஏட்டி, அவன் சாப்பிட்டானான்னு கேட்டாவ. பொறவு பேசல" என்றேன். நடுரோட்டில் நின்றுவிட்டான். வீடு வந்து சேரும்வரை என் கையை விடவில்லை. அன்றைக்குச் சோறு வைத்தேன், மறுபடியும் கேட்டுப் போட்டுச் சாப்பிட்டான்.

அன்பானவர்களே, நான் என்ன கேட்டேன், அவர் என்ன கொடுத்தார் என்று பாருங்கள். பிள்ளையின் வாயை அடைத்துவிடும் என்று கேட்டேன். என் வாயைத் திறந்தார். மழையைக் கேட்டேன், அதையும் கொடுத்தார். கடையைப் பூட்ட வைத்து என்னை இழுத்துக்கொண்டு போகத்தான் அது வந்தது என்று இப்போது தெரிகிறது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த ஞாயிறும் அவன் பூசைக்கு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவனாகவே அப்பா கல்லறைக்கு மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வந்தான். பிறகு பூசைக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில், பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் அவன் வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன், பார்த்தால் அழுதுவிடுவேன் என்று. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து ஜெபமாலை சொல்கிறோம். சில நாள் பாதியில் நிறுத்தி, "இது எனக்குப் புரியலம்மா" என்பான். முன்னேயென்றால் திட்டியிருப்பேன். இப்போது, "எது புரியலன்னு சொல்லு, நான் திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாரு" என்கிறேன். கடையில் சண்டை பிடிக்க வருகிற ஆளிடம்கூட இதே வழிதான். வேண்டுமானால் வந்து பாருங்கள், என் வாய் ரொம்பக் குறைந்திருக்கிறது.

அவன் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில், ஒரு பிள்ளை கடவுள் இல்லை என்று சொல்லி அழுதபோது, கடவுள் அங்கேதான் இருந்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

உங்களில் யாருக்காவது ஜெபிக்க வாய் வரவில்லையென்றால், நல்ல வார்த்தை தேடிக்கொண்டு இருக்காதீர்கள். அவர் பேரில் உள்ள கோபமோ, சந்தேகமோ, உள்ளது உள்ளபடி அவர் முகத்துக்கு நேரே போய்ச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசமாட்டார்.