மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிய கூடை

இத்தாலியின் பலேர்மோவில் பேயோடு கயிறிழுத்து, அதை வெல்லும் தறுவாயில் பாவம் பார்த்துக் கைவிட்ட ஒரே மனிதர், மன்னாரில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற லூர்துதான். நம்பாவிட்டால் போங்கள். நடந்தது நடந்ததுதான்.

விமானத்தில் ஓர் இரவு தூக்கமில்லை. லூர்துவின் கணக்கில் அது மூன்று இரவு. முழங்கால்கள் வேறு யாருடையவோ போலக் கனத்தன. யூலை வெயில். தங்கை குடியிருந்த போர்கோ வெக்கியோப் பேட்டையில் சந்தையும் மூடி, சனமும் சாப்பிட்டுப் படுத்துவிட்ட மத்தியானம். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. தங்கை றோசமலர் போனில் சொல்லியிருந்தாள்: "மூண்டாம் மாடி அண்ணை, லிப்ட் இல்லை. பல்கணியிலை இருந்து கூடை இறக்கிறன். பையை வைச்சிட்டு வெறுங்கையோடை ஏறி வாங்கோ." அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பாணும் மரக்கறியும் அப்படித்தான் மேலே போகும்.

ஒரு சந்து திரும்பினார். தலைக்கு மேல் கிறீச்... கிறீச்... கூடை இறங்கியது.

"கெட்டிக்காரி!" என்று பையை வைத்தார். பாஸ்போட்டும் உடுப்பும் அதற்குள். பாஸ்போட் போனால் ஊர் திரும்ப வழியில்லை.

கூடை மெல்ல மேலே போனது. போன் அடித்தது.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? கூடையை இறக்கிப்போட்டு எவ்வளவு நேரமாப் பாத்துக்கொண்டு நிக்கிறன்!"

"அப்ப... இஞ்சை இழுக்கிறது ஆர்?"

கூடைக்கு அடியில் தொங்கிய கயிற்று வாலைத் தாவிப் பிடித்தார். அந்த வெயிலில் கயிறு ஐஸாகக் குளிர்ந்தது. இழுத்தார். நின்றது...

பிறகு, அது இழுத்தது.

கால் நிலத்தை விட்டது.

நிமிர்ந்தார். பல்கணி. திறந்த கதவு. கதவுக்குப் பின்னால் அறை இல்லை...

வானம்.

கை தானாக விட்டது.

லிபெர்த்தா தெருவில் வேலை முடித்து ஓடிவந்த தங்கையின் கணவர் சுரேஸிடம், கயிறு தன்னை ஏழு அடி தூக்கியதென்றார் லூர்து.

"ஏழு அடி தூக்கினதோ? இந்த வண்டி வயித்தோடையோ? அது பேயில்லை மச்சான், கிறேன்! கள்ளன் பறிச்சதெண்டு சொல்ல வெக்கமோ?"

அயலவர்கள் சொன்னார்கள்: இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்த வீடு. முன்சுவர் மட்டும்தான் மிச்சம். படியில்லை, தளமில்லை, தண்ணீரில்லை.

அழைத்ததும் வந்த தீயணைப்புக்காரர் ஏணி வைத்து ஏறினார். கூடையும் இல்லை, கயிறும் இல்லை. பை மட்டும் பல்கணியில் இருந்தது. பாஸ்போட் பத்திரம். மறுகையில் சேட்டொன்றையும் கொண்டு இறங்கினார். கம்பியில் காயப்போட்டிருந்ததாம்.

விமானத்தில் வியர்த்து ஊறி, கழற்றிப் பைக்குள் திணித்திருந்த லூர்துவின் சேட். கழுத்துப் பட்டி வெளுத்திருந்தது. சவர்க்கார வாசம். அத்தனை நேர வெயிலிலும், அந்த நிமிடம் பிழிந்ததுபோல் சொட்டிக்கொண்டிருந்தது.

சுரேஸ் அதை வாங்கினார். மேலே பார்த்தார். சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"மச்சான்... நான் சொன்னதை விடுங்கோ. இது நடந்திருக்கு."